உத்தரவு வரட்டும்

ஜூன் 3

மதிப்பிற்குரிய பேரிடர் திட்ட அலுவலர் மேடம் அவர்களுக்கு,

ஆற்றங்கரை சுகாதார நிலையத்தின் தலைமைச் செவிலியர் எழுதிக்கொள்வது. வீட்டில் நான் உன் மூத்த ஓரகத்தி. ஆபீஸ் படி ஏறினால் உனக்குக் கீழே வேலை பார்ப்பவள். எந்த வேஷத்தில் எழுதினால் நீ படிப்பாய் என்று தெரியவில்லை. அதனால் இரண்டையும் போட்டுவிட்டேன்.

நீ அனுப்பிய வெள்ளப் பேரிடர் ஆயத்தத் திட்டம் வந்து சேர்ந்தது. நாற்பத்தாறு பக்கம், வழுவழுப்பான அட்டை. அட்டையில் ஒரு படகு, அதில் சிரித்துக்கொண்டு ஒரு நோயாளி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் வெள்ளத்தில் சிரித்த நோயாளியை நான் பார்த்ததில்லை. உன் ஆபீஸில் பார்த்திருப்பார்கள் போல.

பதினொன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். பெரிய பாலத்தின் தூணில் இருக்கிற சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட வேண்டும். பிறகு உங்கள் அலுவலகத்திலிருந்து எழுத்துப்பூர்வ உத்தரவு ஃபேக்ஸில் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் நோயாளிகளை மேட்டு மருத்துவமனைக்கு மாற்றலாம். உத்தரவில்லாமல் மாற்றினால் நடவடிக்கை. இதுதானே நீ எழுதியிருப்பது?

இங்கிருந்து மேட்டு மருத்துவமனைக்கு ஒரே ஒரு சாலை. அது தரைப்பாலத்தைத் தாண்டித்தான் போகிறது. பெரிய பாலத்தில் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொடுகிற நேரத்தில் தரைப்பாலத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். நீ உத்தரவு அனுப்புவாய், நான் பன்னிரண்டு கட்டில்களையும் தலையில் தூக்கிக்கொண்டு நீந்த வேண்டும். உன் வரைபடத்தில் தரைப்பாலமே இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் இருந்திருக்கும்.

போன வருஷத்தை நான் மறக்கவில்லை. மழை கொட்டியபோது உனக்கு போன் செய்தேன். "உங்க மனசுக்குப் பட்டதைச் செய்ங்கக்கா" என்றாய். செய்தேன். தண்ணீர் வரவில்லை. அவசரத்தில் வண்டியில் ஏற்றும்போது ஒரு வயதான அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. விசாரணையில் நீ, "நான் எந்த உத்தரவும் குடுக்கல" என்று ஒரே வரியில் கையைக் கழுவினாய். என் பணிப்பதிவேட்டில் எச்சரிக்கை ஏறியது. இன்னொரு முறை உத்தரவில்லாமல் நகர்த்தினால் வேலை போய்விடும் என்று எழுதி, கீழே நீயே கையெழுத்தும் போட்டாய்.

அதனால்தான் இனி உன்னோடு போன் பேச்சு கிடையாது. எல்லாம் எழுத்தில். தடுப்பூசி வண்டி செவ்வாயும் வெள்ளியும் வந்து போகிறது, டிரைவரிடம் கொடுத்தனுப்பு.

பதினொன்றாம் பக்கத்தை மாற்று.

உன் கீழ்ப் பணியாளர்


ஜூன் 6

அக்காவுக்கு,

"மேடம்" வேண்டாம். உங்கள் வாயில் அது வசவு மாதிரிதான் கேட்கிறது.

போன வருஷம் நீங்கள் கூப்பிட்டது என் வீட்டு நம்பருக்கு. மகளுக்குக் காய்ச்சல், மடியில் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் புலம்பினீர்கள், நான் ஓரகத்தியாக ஆறுதல் சொன்னேன். அதை அரசு உத்தரவாக எடுத்துக்கொண்டு பன்னிரண்டு பேரை மழையில் கிளப்புவீர்கள் என்று நான் கனவா கண்டேன்? விசாரணையில் கேட்டது, "உத்தரவு கொடுத்தீர்களா?" கொடுக்கவில்லை. அதைத்தான் சொன்னேன்.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவள் என்கிறீர்கள். தரைப்பாலத்தை என் வரைவில் சேர்த்திருந்தேன். இயக்குநர்தான் சிவப்பு மையால் அடித்தார். ஒவ்வொரு நிலையமும் தனக்கென்று ஒரு கோடு கேட்டால் திட்டம் எதற்கு என்றார். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் சொல்கிறேன்: ஆமாம், நான் எதிர்த்துப் பேசவில்லை. கையில் ஒரு அளவும் இல்லாமல் என்ன பேசுவது? "என் ஓரகத்தி சொல்கிறார்" என்றா?

அளவு கொடுங்கள். மழை ஆரம்பித்ததும் ஒரே நேரத்தில் பெரிய பாலத்திலும் தரைப்பாலத்திலும் தண்ணீர் எவ்வளவு என்று மூன்று வாரம் அளந்து, தேதியும் நேரமும் போட்டு அனுப்புங்கள். அதை வைத்துப் பதினொன்றாம் பக்கத்தை மாற்றிக் காட்டுகிறேன். அதுவரை திட்டம் திட்டம்தான்.

இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் நான் போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சிங்க்கில் ஊற்றினீர்கள். அன்றிலிருந்து நான் எது செய்தாலும் உங்களுக்கு ஊற்றத்தான் கை வருகிறது. இது நாற்பத்தாறு பக்கம். அவ்வளவு சுலபமாக ஊற்ற முடியாது.

இப்படிக்கு,
திட்ட அலுவலர்


ஜூன் 17

சின்னவளுக்கு,

ஆற்றங்கரையிலேயே இருபத்திரண்டு வருஷம். மூன்று வெள்ளம் பார்த்தவள். அந்தத் தண்ணீர் எந்த நேரத்தில் எந்தப் படியை நக்கும் என்று எனக்குத் தெரியும். நீ என்னிடம் அளவு கேட்கிறாய், அதுவும் தேதி நேரம் போட்டு! நான் என்ன உன் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்டா? உன் மகள் பிறந்தபோது பதினாறு மணி நேரம் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு என்னிடம் ஒரு அளவும் கேட்கவில்லையே? சொல்லிக்காட்டக் கூடாது என்பார்கள். சொல்லிக்காட்டுகிறேன்.

அளந்து அனுப்ப மாட்டேன். என் வார்த்தை போதாதென்றால் உன் இயக்குநரையே குடை பிடித்துக்கொண்டு வந்து தரைப்பாலத்தில் நிற்கச் சொல்.

இங்கே நாலாவது கட்டிலில் ஒரு தையல்காரர் இருக்கிறார். நாற்பது வருஷம் பஞ்சும் தூசியும் சுவாசித்து நுரையீரல் போய்விட்டது. ஆக்சிஜன் இல்லாமல் அவரால் கால் மணி நேரம்கூட இருக்க முடியாது. கரண்ட் இருந்தால் மெஷின் ஓடும். கரண்ட் போனால் சிலிண்டர். ஒன்று சுமார் மூன்று மணி நேரம் வரும், எங்களிடம் இருப்பது இரண்டு. ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருக்கிறது. வெள்ளத்தில் முதலில் முழுகுவது அதுதான். உன் இருபதாம் பக்கத்தில் "ஜெனரேட்டர்: உள்ளது" என்று டிக் போட்டிருக்கிறாய். உள்ளது, உள்ளது. ஆற்றுக்குள்ளே உள்ளது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வார்டுக்குள் போனபோது அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிஸ்டர், கோபத்துல நாலு இஞ்ச் கூடிட்டீங்க. உங்க வெள்ளைக் கோட்டைப் பிரிச்சுத்தான் தைக்கணும்" என்றார். மூச்சு வாங்க வாங்க இந்தக் கிண்டல். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு, "இவருக்கு மூச்சுதான் குறைஞ்சுது, வாய் குறையல" என்றார்.

இந்த மனிதரைத்தான் நீ கோட்டைத் தண்ணீர் தொடும்வரை நிறுத்தி வைக்கச் சொல்கிறாய்.

மூத்தவள்


ஜூலை 8

அக்காவுக்கு,

நேற்றைய ஒத்திகையின் முடிவு இத்துடன் இருக்கிறது. பன்னிரண்டு கட்டில்கள், வார்டிலிருந்து மேட்டு மருத்துவமனை வாசல்வரை, முப்பத்தெட்டு நிமிடம். மாவட்டத்தில் உங்கள் நிலையம்தான் முதலிடம். இது பாராட்டு. பாராட்டு என்று எழுதினால்தான் உங்களுக்குப் புரியும் என்பதால் எழுதுகிறேன்.

ஆனால் சில குறைகள். நோயாளியாக நடிக்க வைத்த துப்புரவுப் பணியாளர் ஸ்ட்ரெச்சரில் நிஜமாகவே தூங்கிவிட்டார். மேட்டு மருத்துவமனையில் அவரை எழுப்ப முடியாமல் டூட்டி டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். இன்னொன்று, நான் இரண்டு மணி நேரம் உங்கள் வார்டில் நின்றிருந்தேன். ஒரு நாற்காலி போடச் சொல்லவில்லை. பார்வையாளர் பதிவேட்டில் என் பெயருக்கு நேராக "மேலிடத்து ஆள்" என்று உங்கள் கையெழுத்தில் இருந்தது. அதை அடித்துவிட்டு வந்தேன்.

அளவுகள் இன்னும் வரவில்லை. மழை தொடங்கிப் பத்து நாளாகிவிட்டது.

திட்ட அலுவலர்


ஜூலை 11

சின்னவளுக்கு,

நீ நடத்திய அந்த அருமையான ஒத்திகை அன்று தரைப்பாலத்துக்குக் கீழே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஆடுகள் பாலத்தின் மேலேயே படுத்திருந்தன, டிரைவர் இறங்கி விரட்டினார். அதையும் அறிக்கையில் சேர்த்துக்கொள்: ஆடு விரட்ட இரண்டு நிமிடம். பத்து நாள் தூறியும் தண்ணீர் ஏறாத ஆற்றில் வெள்ள ஒத்திகை நடத்தி முதல் பரிசு கொடுக்கிற ஆபீஸை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

நாற்காலி போடவில்லை, உண்மைதான். இருந்த ஒன்றில் தையல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்பி உன்னை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் திருட்டுத்தனமாகச் சந்தித்துக்கொள்கிறார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன்கள் மாதிரி. என்னவர் வீட்டுக்கு வந்து, "அவளும் பாவம், மேலேருந்து நெருக்குறாங்களாம்" என்று உனக்கு வக்காலத்து வாங்கினார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை அவரே போட்டுக்கொண்டார்.

மூத்தவள்


ஆகஸ்ட் 1

அக்காவுக்கு,

இயக்குநரின் கூட்டத்தில் இன்று திட்டம் இறுதியானது. கடைசியாக ஒரு முறை, "ஆற்றங்கரை நிலையத்திலிருந்து ஏதாவது அளவுகள் வந்திருக்கின்றனவா?" என்று அவரே கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வரல சார்" என்றேன். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கேட்டேன். ஒரு தாள். நீங்கள் தரவில்லை. என்னை அந்த அறையில் வெறுங்கையோடு நிற்க வைப்பதில் உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம் என்றால் அது நடந்துவிட்டது.

பதினொன்றாம் பக்கம் அப்படியே இருக்கும். அதன்படி நடக்க வேண்டும். "என் மனசுக்குப் பட்டது" என்ற பேச்சு இனி எடுபடாது. இந்த முறை விசாரணை வந்தால் கையெழுத்துப் போடுவது நான் இல்லை, இயக்குநர். அவர் எச்சரிக்கையோடு நிறுத்த மாட்டார்.

திட்ட அலுவலர்


ஆகஸ்ட் 5

திட்ட அலுவலருக்கு,

தெரிந்துகொண்டேன்.

எழுதி வைத்துக்கொள். இந்த முறை உன் உத்தரவு வராமல் ஒரு கட்டிலைக்கூட, ஒரு தலையணையைக்கூட நகர்த்த மாட்டேன். உன் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொடட்டும், உன் ஃபேக்ஸ் வரட்டும். எழுத்துக்கு எழுத்து உன் திட்டப்படியே நடந்து காட்டுகிறேன். அப்போது தெரியும் அது எப்படிப்பட்ட திட்டம் என்று.

டிரைவர் இன்று என்னிடம், "ரெண்டு பேரோட கடுதாசியும் கையில புடிக்க முடியலம்மா, அவ்வளவு சூடு. தடுப்பூசியோட சேர்த்து ஐஸ் பெட்டியிலதான் வச்சுக் கொண்டுபோறேன்" என்றார். இதை மட்டும் ஐஸில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சூடாகவே வந்து சேரட்டும்.

தலைமைச் செவிலியர்


ஆகஸ்ட் 8

தலைமைச் செவிலியருக்கு,

நல்லது. நான் கேட்டதும் அதைத்தான்.

திட்ட அலுவலர்


செப்டம்பர் 9

அக்காவுக்கு,

ஆகஸ்ட் இருபதாம் தேதி வெள்ளம் குறித்த விசாரணை அறிக்கை வந்துவிட்டது. நகல் இணைத்திருக்கிறேன். சுருக்கம் இதுதான்.

காலை 9.50க்குச் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டது. 9.52க்கு உத்தரவு அனுப்பப்பட்டது. அதற்கு முன்பே, சுமார் 9.30க்குத் தரைப்பாலம் முழுகிவிட்டதால் சாலை வழியே மாற்ற முடியவில்லை. தலைமைச் செவிலியர் நோயாளிகளை மாடிக்கு ஏற்றினார். மாலை நாலு மணிக்குப் படகு வந்தது. பதினொரு பேர் காப்பாற்றப்பட்டனர். ஒருவர் 3.20க்கு இறந்தார். அலுவலர்கள் அனைவரும் திட்டத்தின்படியே நடந்துள்ளனர், யார்மீதும் தவறில்லை.

மாவட்டத்தில் திட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றிய ஒரே நிலையம் என்று உங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். அதுவும் இந்த உறையில் இருக்கிறது. அனுப்ப வேண்டியது என் வேலை, அனுப்புகிறேன்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று உங்கள் கொழுந்தன் கேட்கிறார்.

திட்ட அலுவலர்


செப்டம்பர் 12

சின்னவளுக்கு,

சான்றிதழைத் திருப்பி அனுப்புகிறேன். கிழிக்கவில்லை. கிழிக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. வலது கை மட்டும் இன்னும் மடக்க முடியவில்லை. கரண்ட் பத்து மணிக்குப் போனது, ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் நுழைந்த அதே நேரம். தையல்காரருக்கு முதல் சிலிண்டர் மாட்டினோம். இரண்டாவது சிலிண்டரின் வால்வில் கசிவு. ஒரு மணி நேரம்கூட வரவில்லை. ஒன்றரை மணியிலிருந்து கையால் அமுக்குகிற காற்றுப் பையை வைத்து அமுக்கினேன். சின்ன நர்ஸ் மாற்றிக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள், நான் கொடுக்கவில்லை. 3.20க்கு நிறுத்தினேன்.

இதெல்லாம் அறிக்கையில் இருக்கிறது. அறிக்கையில் இல்லாததைச் சொல்கிறேன். உன்னிடம் சொல்வதில் எனக்கு ஒரு துளிகூட இஷ்டமில்லை. ஆனால் உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது.

காலை 8.50க்கு உனக்கு போன் செய்தேன். நம் பேச்சு உனக்கு ஞாபகம் இருக்கும்.

"தண்ணி ஏறுது."

"கோட்டைத் தொட்டுடுச்சா?"

"இல்ல. தரைப்பாலத்துல விளிம்புக்கு வந்துடுச்சு."

"திட்டத்துல தரைப்பாலம் இல்லையே."

"சரி" என்று வைத்துவிட்டேன். அப்போது நோயாளிகளை ஏற்றுகிற வண்டி இரண்டும் வாசலில் இன்ஜின் ஓடிக்கொண்டு நின்றன. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். தையல்காரர் சட்டை போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தார். "கிளம்பலாமா சிஸ்டர்?" என்று கேட்டார். "உத்தரவு வரட்டும்" என்றேன். ஒன்பது பத்துக்கு மறுபடியும் கேட்டார். அப்போதும் தரைப்பாலத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். போயிருக்கலாம். ஒத்திகையில் போன மாதிரியே போயிருக்கலாம். "உத்தரவு வரட்டும்" என்றேன்.

விசாரணையில், "வேலை போய்விடும் என்ற பயத்தில் காத்திருந்தேன்" என்று சொன்னேன். மூன்று பேரும் இரக்கப்பட்டுத் தலையாட்டினார்கள். ஒருவர் தண்ணீர்கூட ஊற்றிக் கொடுத்தார்.

பயமில்லை, சின்னவளே. எனக்கு இன்னும் மூன்று வருஷம்தான் சர்வீஸ். வேலை போனால் போகட்டும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். வீம்பு. உன் திட்டம் தப்பு என்று ஊருக்கே தெரிய வேண்டும். அதற்குத் தரைப்பாலம் முழுக வேண்டும், நான் இந்தப் பக்கம் நிற்க வேண்டும். முழுகியபோது, ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "பார்த்தியாடி" என்று உள்ளே ஒரு குரல். அதற்குப் பிறகுதான் வார்டைத் திரும்பிப் பார்த்தேன்.

அளவும் எடுத்தேன். ஜூன் கடைசியிலிருந்து தினமும் இரண்டு பாலத்திலும் அளந்து ஒரு நோட்டில் எழுதினேன். ஐந்து வாரம். எல்லாம் சரியாக இருந்தது, உன் இயக்குநரே வாயை மூடியிருப்பார். அனுப்பவில்லை. நீ கேட்டாய் என்பதற்காகவே அனுப்பவில்லை.

நேற்று தையல்காரரின் மனைவி அவர் பையை வாங்கிக்கொண்டு போக வந்தார். என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கடைசிவரைக்கும் விடாம அமுக்கிக்கிட்டே இருந்தீங்களாமே சிஸ்டர். சொந்த அக்காகூட இப்படிச் செய்யமாட்டா" என்றார். கையை உருவிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ தப்பான திட்டம் எழுதினாய். அதை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் அவரைக் கொன்றது உன் திட்டம் மட்டும் இல்லை.

மூத்தவள்


செப்டம்பர் 19

அக்கா,

செவ்வாய்க்கிழமை வண்டிக்கு எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. நாலு தாள் வீணாகிவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அழுகை இல்லை, கோபம் இல்லை. தப்பு அவங்களோடது, அவங்களே எழுத்துல குடுத்துட்டாங்க என்று ஒரு கேவலமான நிம்மதி. இயக்குநர் அறைவரைக்கும் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். கதவுப் பிடியில் கை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நானும் சொல்கிறேன். யாருக்கும் தெரியாதது.

அன்று காலை எட்டேகாலுக்கே இயக்குநர் எல்லா நிலையங்களுக்குமான உத்தரவுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டு அணையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். போகும்போது, "கோடு, கோடுன்னு உக்காந்திருக்காத. பாத்துச் செய்" என்றார். உங்கள் நிலையத்தின் படிவம்தான் மேலே இருந்தது. நீங்கள் போன் செய்தபோது என் முழங்கை அதன் மேல்தான் இருந்தது. ஃபேக்ஸ் மெஷின் எழுந்து நாலு அடி.

நீங்கள் "தரைப்பாலம்" என்று சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு எப்போதுமே தெரியும். அனுப்பியிருக்க வேண்டும். நான் காத்திருந்தேன். இன்னொரு தடவை கூப்பிடுவார்கள், "அனுப்பும்மா" என்று ஒரே ஒரு தடவை கேட்பார்கள் என்று. இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் இருக்கிறீர்கள். ஒரு தடவையாவது கேட்க வைக்க வேண்டும் என்று இருந்தது. ஒரு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கூப்பிடவில்லை. கோட்டைத் தண்ணீர் தொட்டுவிட்டது என்று பாலத்துக் காவலாளி சொன்ன பிறகு எழுந்து போய் அனுப்பினேன்.

விசாரணையில் படிவத்தின் தேதியைத்தான் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்ட நேரத்தை யாரும் கேட்கவில்லை. இயக்குநரும் வாயைத் திறக்கவில்லை. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன்" என்று போன வருஷம் மாதிரியே இந்த வருஷமும் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

நோட்டை அனுப்புங்கள். இனி எந்த நிலையத்திலும் தலைமைச் செவிலியரே முடிவெடுத்து நகர்த்தலாம், உத்தரவு தேவையில்லை என்று பதினொன்றாம் பக்கத்தை எழுதி இயக்குநர் மேஜையில் வைத்திருக்கிறேன். நோட்டு இருந்தால் அவரால் அடிக்க முடியாது. அடித்தால் எட்டேகால் மணிக் கதையை எழுத்தில் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். எப்படியும் கொடுக்கத்தான் போகிறேன்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

சின்னவள்


செப்டம்பர் 23

சின்னவளுக்கு,

நோட்டு இந்த வண்டியிலேயே வருகிறது. எண்கள் புரியவில்லை என்றால் கேட்டு எழுது, நீயாக எதையும் திருத்தாதே.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது அங்கே வந்து உன் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. மூன்றாவது தடவையும் அப்படித்தான் இருந்தது. நாலு அடி! எழுந்து போக உனக்குக் கால் வரவில்லை. இன்னொரு தடவை போனை எடுக்க எனக்குக் கை வரவில்லை. நம் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மனிதர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்னிடம் மன்னிப்பு கேட்டு என்ன ஆகப்போகிறது? நான் யார் உன்னை மன்னிக்க? உன்னை மன்னித்தால் அடுத்த மூச்சில் என்னையும் மன்னிக்க வேண்டியிருக்கும். அந்த வியாபாரம் வேண்டாம். இன்றைக்கும் உன்னைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. நாளைக்கும் பிடிக்காது. அதில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆனால் அந்த அம்மா என்னைக் கடவுள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நேற்றுச் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை நிறுத்தி நன்றி சொன்னார். என்னால் அந்தச் சாலையில் நடக்க முடியவில்லை.

சனிக்கிழமை தையல்காரர் வீட்டுக்குப் போகிறேன். மேட்டுத் தெரு, கடைசி வீடு, வாசலில் தையல் மெஷின் போட்டிருக்கும். இப்போது அந்த அம்மாதான் தைக்கிறார். நான் மூத்தவள், நான் முதலில் பேசுவேன். வண்டி நின்றதை, அவர் இரண்டு தடவை கேட்டதை, நான் சொன்ன பதிலை, எதற்காகச் சொன்னேன் என்பதை. என் பங்கைச் சொல்லி முடித்ததும் நிறுத்திக்கொள்வேன். உன் பங்கை நான் சொல்ல மாட்டேன், காட்டிக்கொடுக்கவும் மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவள் நீ. நீ வராவிட்டால் அது உன்னோடவே இருக்கட்டும், உன் ஆயுசுக்கும் வைத்துக்கொள்.

அந்த அம்மா நம்மைத் திட்டலாம், அடிக்கலாம், போலீசுக்குப் போகலாம். எதைச் செய்தாலும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நீ அழுது காரியத்தைக் கெடுக்காதே.

பத்தே முக்காலுக்குத் தெருமுனையில் நிற்பேன். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ நீ எழுத வேண்டாம். பதினொரு மணியானால் உனக்காக ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டேன். போய்க் கதவைத் தட்டிவிடுவேன்.

மூத்தவள்